நாட்டுச் செம்மறியை விற்குமுன் விலை வகுத்தல்

வடமாகாணத்தின் வறண்ட நிலங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டுவரும் செம்மறி, யாழ்ப்பாணச் செம்மறி எனப் பெயர் பெற்றது. தென்னிந்தியச் செம்மறிகளின் வழிவந்தது என்று கருதப்படுகின்றது. இது உருவிற் சிறியது. உடம்பிற் கம்பளி இராது. குட்டையான மயிரே உண்டு. வளர்ந்த மறி பெரும்பாலும் 20 கிலோவைச் சுற்றியே நிற்கும். கிடாய் அதனினுஞ் சில கிலோ கூடியிருக்கும். வெயிலையும் பஞ்சத்தையும் பொறுத்துக்கொண்டு, வயல் அறுத்த தாளிலும் வெளிகளின் குறும்புல்லிலும் வயிறு நிரப்பி, இரவிலே தோட்டத்தில் பட்டியாக அடைபட்டு, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் எருவையும் தந்து வருவது இதன் இயல்பு.

இந்த ஆட்டை வளர்ப்பதில் நம் கமக்காரர் திறமை உள்ளவர்களே. விற்பதில்தான் அவர்கள் தோற்கிறார்கள். ஓராண்டு முழுவதும் வெயிலில் நின்று மேய்த்த ஆட்டுக்கு, கால் மணி நேரத்தில் வேலியோரத்தில் நின்று விலை முடிக்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு வேண்டிய ஆயத்தத்தை எடுத்துக் கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பூநகரிப் பக்கத்துக் கிராமமொன்றில் பதினொரு செம்மறி வைத்திருந்த ஆச்சி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் நான்கு மறிகளை விற்றார். பேரப்பிள்ளையின் படிப்புச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. வந்த வியாபாரி நான்கையும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். ஆச்சி ஓராயிரம் கூட்டிக் கேட்டார். அவர் ஐந்நூறு கூட்டிக் கொடுத்து ஏற்றிச் சென்றார். நான்கில் மூன்று சினைப்பட்ட மறிகள். அவை இறைச்சிக்கடைக்குப் போகவில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் புதிதாகப் பட்டி தொடங்கிய ஒருவருக்கு, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலைக்குக் கைமாறின. ஐப்பசி பிறக்குமுன் மூன்றும் குட்டி ஈன்றுவிட்டன. வியாபாரி பொய் சொல்லவில்லை, களவு செய்யவில்லை. மறியின் வயிற்றைத் தடவிப் பார்த்தவர் அவர், பாராதவர் ஆச்சி. இவ்வளவே வேறுபாடு.

வியாபாரியின் கணக்கு

கமக்காரர் பலர், "அயலார் தம் ஆட்டை என்ன விலைக்குக் கொடுத்தார்?" என்பதை விசாரித்து அதையே தம் விலையாக வைத்துக்கொள்கின்றனர். அயலாரின் ஆடு எத்தனை கிலோ, எத்தனை பல், எந்த மாதத்தில் விற்றது என்பன தெரியாதபோது அந்த விலையால் ஒரு பயனும் இல்லை. வியாபாரி அவ்வாறு செய்வதில்லை. அவர் ஆட்டைக் கண்டதும் அதனைக் கடையிலே தொங்கும் இறைச்சியாக நினைந்து கணக்கிடுகிறார். நாமும் அவருடைய கணக்கைக் கற்றுக்கொள்வது நன்று.

தலை, தோல், கால், குடல் முதலியன நீங்கிய பின், எலும்போடு தொங்கும் இறைச்சி, இத்தகைய ஆட்டின் உயிர்நிறையில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வரை இருக்கும். மெலிந்த கிழட்டு மறியில் 40 இலுங் குறையும். கொழுத்த இளங்கிடாயில் 45 ஐ எட்டும். நடுத்தரமாக 42 என்று கொள்க.

உதாரணமாக, ஓராண்டு நிறைந்த கிடாய் ஒன்று 20 கிலோ நிற்கிறது. அதிலிருந்து கிடைக்கும் இறைச்சி 8.4 கிலோ. கடையில் இறைச்சி கிலோ 3,000 ரூபா என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் ஊர்க் கடையில் இன்று விற்கும் விலையை இட்டுக் கணக்கைத் திருப்பிப் போடுக. 8.4 கிலோவுக்கு 25,200 ரூபா. தலை, கால், ஈரல், குடல் ஆகியவற்றுக்கு 2,000 ரூபா. ஆக மொத்தம் 27,200 ரூபா. இதிலே வண்டிச் செலவு, வெட்டுக்கூலி, இறைசாலைக் கட்டணம், விற்காது மிஞ்சுவதால் வரும் நட்டம் ஆகியவற்றுக்கு 3,200 ரூபாவும், வியாபாரியின் இலாபமாக 3,000 ரூபாவும் கழிப்போம். எஞ்சுவது 21,000 ரூபா. அதாவது உயிர்நிறையில் கிலோ ஒன்றுக்கு 1,050 ரூபா.

வியாபாரிக்கு இலாபம் விட வேண்டுமா என்று கேட்போர் உளர். விடவே வேண்டும். அவர் நம் பகைவர் அல்லர். வீட்டு வாசலுக்கு வந்து கைப்பணம் தருபவர். அவருடைய நியாயமான இலாபத்தைக் கணக்கில் எழுதிவிட்டால், அதற்கு மேல் அவர் கேட்கும்போது மறுத்துக் கூற நமக்கும் ஒரு நியாயம் இருக்கும். மேற்சொன்ன 21,000 ரூபாக் கிடாயைக் கண்மதிப்பால் 15,000 ரூபாவுக்குக் கொடுத்தவரிடம் அந்த நியாயம் இல்லை.

"இது சின்னச் சாதி அண்ணை, எலும்புதான் கூட; பெரிய சாதி எண்டால் வேற விலை தரலாம்" என்பது வேலியோரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒரு தலைக்கு விலை பேசினால் இப்பேச்சு வெல்லும். கிலோவுக்கு விலை பேசினால் வெல்லாது. பெரிய இனத்து ஆட்டிலும் எலும்பு உண்டு. ஆட்டிற் சதை எவ்வளவு என்பதை முடிவு செய்வன அதன் வயதும் தீனியும் ஆகும், உயரமன்று. உண்மையைச் சொன்னால், சிறிய ஆட்டுக்கு ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது. நம் ஊர்களில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டைப் பங்கு போடும் வழக்கம் உண்டு. அதற்கு 8 கிலோ இறைச்சி தரும் ஆடு அளவாக இருக்கும். ஆளுக்கு ஒரு பங்கு போக மிச்சம் இராது. 20 கிலோ இறைச்சி தரும் ஆட்டுக்கு அத்தனை பங்குகாரரை ஒரே நாளில் சேர்ப்பது எளிதன்று.

நிறை அறிதல்

கிலோவுக்கு விலை பேசுவதாயின் கிலோ தெரிய வேண்டும். 50 கிலோ நிறுக்கும் விற்றராசு ஒன்றும், நான்கு மூலையிலும் கயிறு கோத்த சாக்கு ஒன்றும், மரக்கிளை ஒன்றும் இதற்குப் போதும். ஆட்டைச் சாக்கிலே கிடத்தித் தூக்கி நிறுத்துவிட்டு, சாக்கின் நிறையைக் கழித்துக்கொள்க. பட்டி வைத்திருப்போர் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தராசு வாங்கினால் ஒருவருக்கும் பாரமாக இராது. ஓர் ஆட்டை நட்டத்துக்கு விற்காமல் விட்டாலே தன் பங்குப் பணம் வந்துவிடும்.

தராசு இல்லாத இடத்தில் அளவுநாடாவைக் கொண்டு அறியலாம். ஆட்டைச் சமதரையில் நிமிர்ந்து நிற்கச் செய்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். பின்னர் தோள்முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 300 ஆல் வகுத்தால் நிறை இறாத்தலில் வரும். அளவுகள் அங்குலத்தில் இருத்தல் வேண்டும். நெஞ்சு 24 அங்குலம், நீளம் 22 அங்குலம் ஆயின், 24 ஐ 24 ஆற் பெருக்க 576. அதை 22 ஆற் பெருக்க 12,672. 300 ஆல் வகுக்க 42.2 இறாத்தல். ஒரு கிலோவுக்கு 2.2 இறாத்தல் ஆதலால் இது 19.2 கிலோ.

இம்முறை எளிது, ஆனால் பொல்லாதது. நான் உத்தியோகத்துக்கு வந்த புதிதில், மேய்ந்து வந்த கிடாய் ஒன்றை மாலை நேரத்தில் நாடாவால் அளந்து, அதன் நிறை 23 கிலோ என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர் என் சொல்லை நம்பி விலை கேட்டார். மறுநாட் காலை வியாபாரி தராசு கொண்டு வந்து நிறுத்தபோது இருபதரைக் கிலோவே நின்றது. அன்றைய விற்பனை முறிந்துபோயிற்று. சொந்தக்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் தந்து அனுப்பினார். அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

பிழை இரண்டிடத்தில் நேர்ந்தது. முதலாவது, நாடாவைத் தளர்வாகப் பிடித்தேன். மேலே காட்டிய ஆட்டில் நெஞ்சளவு 24 அங்குலத்துக்குப் பதிலாக 25 என்று வந்தால் நிறை 45.8 இறாத்தல் ஆகிவிடும். ஓரங்குலத் தவறு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பணத்தில் 1,700 ரூபா. இரண்டாவது, வயிறு நிரம்பிய நேரத்தில் அளந்தேன். இரவு முழுவதும் பட்டியிற் கிடந்த 20 கிலோ ஆடு, முந்தின மாலை நிறையிலும் ஒரு கிலோ வரை குறைந்தே இருக்கும். ஆதலால் எப்போதும் காலையில் மேயவிடுமுன் அளக்க. விலை பேசும் நிறையும் காலை நிறையே என்று வியாபாரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுக. நாடா முறையை நம்புமுன் உங்கள் பட்டியில் ஐந்து ஆடுகளைத் தராசிலும் நிறுத்து, நாடாவாலும் அளந்து, எவ்வளவு வேறுபடுகிறது என்று கண்டுகொள்ளுதல் அவசியம். எல்லாவற்றிலும் ஒரு கிலோ கூட வந்தால், அப்பட்டிக்கு ஒரு கிலோ கழிப்பதே வாய்பாடு.

பல்லும் முதுகும்

நிறை ஒன்றே விலை ஆகாது. 20 கிலோ நிற்கும் இளங்கிடாயும் 20 கிலோ நிற்கும் கிழட்டு மறியும் ஒரே விலை பெறமாட்டா. வயதைக் கீழ்த்தாடையின் முன்பற்களால் அறியலாம். குட்டிக்கு எட்டும் பாற்பற்கள். ஓராண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து அகன்ற நிலைப்பற்கள் இரண்டு முளைக்கும். ஏறக்குறைய இரண்டு வயதில் நாலு பல். மூன்று வயதை அணுகும்போது ஆறு பல். நாலு வயதளவில் எட்டும் நிரம்பிவிடும். அதன்பின் தேய்வும் இடைவெளியும் கண்டு மதிக்க வேண்டும். இறைச்சிக்கு முதல்தரம் பல் போடாததும் இரண்டு பல் போட்டதுமே.

முதுகைக் கையாற் பார்க்க வேண்டும். கடைசி விலாவெலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் இருபுறமும் விரல்களை அழுத்துக. எலும்பு முனைகள் சீப்புப்போற் கூராகத் தட்டுப்பட்டால் ஆடு மெலிவு. அழுத்தினால் மட்டும் தட்டுப்பட்டு இருபுறமும் சதை நிரம்பியிருந்தால் விற்பனைக்கு ஏற்றது. மெலிந்த ஆட்டை அன்றே விற்காது, கீழிமையைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பின்றி வெளிறியிருந்தாலோ, தாடையின் கீழ் நீர்வீக்கம் கண்டாலோ குடற்புழு என்று சந்தேகிக்கலாம். கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்து கொடுத்து, இப்பிலிப்பில், பூவரசு, கிளிசரியா முதலிய குழைகளும் நாளொன்றுக்கு ஒரு சிறங்கை புண்ணாக்கும் ஆறு, ஏழு கிழமைக்குக் கொடுத்தால் அதே ஆடு வேறு விலைக்குப் போகும். ஆனால் மருந்துப் புட்டியிற் குறித்த நாட்கள் கழியுமுன் அதனை இறைச்சிக்கு விற்றலாகாது. கிழட்டு மறிக்கு இவ்வளவு செலவு செய்வது வீண். அதனைத் தேய்ந்த பல்லோடு மேலும் ஒரு கோடையைக் கடத்த முயலாமல், புல் உள்ள காலத்திலேயே விற்றுவிடுவது புத்தி.

மறிக்கு விலை வேறு

இனி, இப்பிரசுரத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். இறைச்சி விலை என்பது ஓர் ஆட்டின் கடைசி விலை. அதற்குக் கீழே எந்த ஆடும் போகலாகாது. ஆனால் இளமறியும் சினைமறியும் அந்த விலைக்குப் போவதும் தவறே. மறியை வாங்குபவர் அதன் இறைச்சியை மட்டும் வாங்குவதில்லை. அது இனி ஈனப்போகும் குட்டிகளையும் வாங்குகிறார்.

நான் கமக்காரருக்குச் சொல்லிவரும் முறை பின்வருமாறு. முதலில் மறியின் இறைச்சி விலையைக் காண்க. சினை நிச்சயமாயின், பால் மறந்த குட்டியொன்றின் விலையிற் பாதியை அதனோடு கூட்டுக. முழுவதையும் கூட்டாமற் பாதியைக் கூட்டுவது ஏனெனில், குட்டி பிழைக்குமோ பிழையாதோ என்பதும், அதுவரை தாய்க்குச் செய்ய வேண்டிய செலவும் வாங்குபவர் தலையில் விழுகின்றன. 19 கிலோ நிற்கும் நாலு பல் மறிக்கு, கிலோ 1,050 ரூபாப்படி 19,950 ரூபா. மூன்று மாதத்துக் குட்டி 9 கிலோ நின்றால் அதன் விலை 9,450 ரூபா. பாதி 4,725 ரூபா. இரண்டும் சேர 24,675 ரூபா. முதற்கேள்வி 26,000 ஆக இருக்கலாம். 24,000 க்குக் கீழே இறங்கவேண்டியதில்லை.

இதிலே நேர்மையும் வேண்டும். சினைமறி ஈனும் காலத்தை அணுகும்போது, வயிற்றிலுள்ள குட்டியும் நீரும் சேர்ந்து மூன்று கிலோ வரை நிறை காட்டும். அந்த மூன்று கிலோவுக்கு இறைச்சி விலை போட்டு, அதன்மேல் குட்டிக்கும் விலை போட்டால் ஒரே பொருளை இருமுறை விற்றதாகும். ஆகவே நிறைசினையாயின் மூன்று கிலோவைக் கழித்துவிட்டுக் கணக்கிடுக. மேலே சொன்ன மறி அவ்வாறு கழித்தபின் 19 கிலோ என்று கொள்க. கடாவோடு சேர்ந்த நாளைக் குறித்து வைத்திருந்தால் சினையை ஊகிக்க வேண்டியதில்லை. செம்மறி ஈனுவது ஏறக்குறைய 150 நாளில். அந்தத் திகதியைத் தாளிலெழுதி வாங்குபவர் கையிற் கொடுப்பவர், வாய்ச்சொல்லால் விற்பவரிலும் கூடிய விலையை மறுப்பின்றிப் பெறுவார். இருமுறை குட்டி அழிந்த மறியையும், ஒரு மடி கெட்ட மறியையும் நல்லினம் என்று கூறி விற்பது அயலிலே ஒருமுறைதான் பலிக்கும்.

பொலிகடா

பொலிகடாவுக்கு விலை சொல்லக் கேட்பவர்களிடம் நான் முதலிற் கேட்பது, "உங்கள் பட்டியில் இப்போது பொலிகின்ற கடா எப்படி வந்தது?" என்பதையே. பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் வரும். தீபாவளிக்கு நன்றாக வளர்ந்த கிடாய்கள் எல்லாம் விலைப்பட்டன, வாங்க ஆளில்லாத ஒன்று மிஞ்சியது, அதுவே கடாவாயிற்று. பட்டியில் விரைந்து வளரும் குட்டி கத்திக்குப் போகிறது. வளராத குட்டி தந்தையாகிறது. இவ்வாறு பத்தாண்டு நடந்த பின், "நம் சாதி ஆடு வரவரக் குறுகிப்போகிறது" என்று நாமே குறை கூறுகிறோம். சாதியைக் குறுகச் செய்தது நம் விற்பனை முறையே.

ஆதலால் ஆண்டுதோறும் ஒரே நாளில் கிடாய்க்குட்டிகளை நிறுத்து, முதலாவதாக நிற்பதைக் காதில் அடையாளமிட்டு விலக்கிவிடுக. அதற்கு விலையில்லை. இரண்டாவதாக நிற்பதை வேறு பட்டிக்குப் பொலிகடாவாக, இறைச்சி விலையின் ஒன்றரை மடங்குக்குக் கேட்கலாம். கொடுப்பார் இல்லையாயின் அடுத்த கிராமத்துக் கடாவோடு மாற்றிக்கொள்க. இரண்டாண்டுக்கு ஒருமுறை இரத்தம் மாறுவது இரு பட்டிக்கும் நன்மை. மற்றவற்றை நலமடித்தோ, அடியாமலோ இறைச்சிக்கு வளர்க்கலாம். போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் பட்டிகளை இழந்து, 2009 ஆம் ஆண்டுக்குப் பின் இரண்டு மூன்று ஆடுகளோடு மீளத் தொடங்கியோர் வடக்கிற் பலர். சிலவற்றிலிருந்து பெருகிய பட்டியில் நெருங்கிய இரத்தம் கலப்பது எளிது என்பதால், இவர்களே இம்மாற்றத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள்.

விற்கும் காலம்

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை குடாநாட்டிற் புல் காய்ந்து கிடக்கும். ஆடு மெலியும். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா; பின்னர் புரட்டாதிச் சனி, நவராத்திரி. இம்மாதங்களில் சைவ வீடுகளில் இறைச்சி குறைவு; கடையில் விலை சோரும். அதே காலத்திலேதான் காலபோகத்துக்கு உழவுக்கூலி, விதை, பசளை ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்படும். மெலிந்த ஆடு, சோர்ந்த சந்தை, அவசரமான கை ஆகிய மூன்றும் ஒரே வேளையிற் கூடும்போது வாசலில் வந்து நிற்பவர் வியாபாரி. ஆச்சி விற்றதும் ஆவணியிலே என்பதை நினைவுகூர்க. காலபோகச் செலவுக்கு ஆடு விற்றே தீர வேண்டுமாயின், அதனைப் புல் இருக்கும் சித்திரையிலேயே விற்றுப் பணத்தைச் சேமிப்பில் இடுவது மேல்.

விலை ஏறும் நாட்கள் நமக்குத் தெரிந்தவையே. தீபாவளி முதலாவது. ஆனால் தீபாவளியை அடுத்த அமாவாசை கழிந்ததும் கந்தசட்டி விரதம் தொடங்கிவிடும். தீபாவளிக்கு விற்க எண்ணிய கிடாயைக் கூடுதல் விலைக்காகக் கடைசி நாள் வரை பிடித்து வைத்திருந்து, விரதத்தில் அகப்பட்டுக்கொண்டோர் உண்டு. பத்து நாளுக்கு முன்பே பேசி முற்பணம் வாங்கிக்கொள்ளுக. மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் கிறிஸ்துமசும், தபசுகாலம் முடிந்த உயிர்த்த ஞாயிறும் நல்ல காலங்கள். முஸ்லிம் மக்கள் ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாவுக்கு வாங்கும் ஆடு, உரிய வயது நிறைந்ததும், கண், கால், காது முதலியவற்றில் குறையற்றதுமாக இருத்தல் வேண்டும். வயது முதலியவற்றில் அவ்வூர் மௌலவியாரின் சொல்லே முடிவு. இப்பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வரும். ஆகையால் சென்ற ஆண்டின் திகதியை நம்பாமல் நாட்காட்டியைப் பார்த்து ஆயத்தஞ் செய்க. அந்தச் சந்தைக்கென வளர்ப்போர், காதை வெட்டி அடையாளமிடும் வழக்கத்தை விட்டு, கழுத்திற் பட்டை கட்டுவது நன்று.

ஆவணி, புரட்டாதியில் மறியோடு கடாவைச் சேர்த்தால் குட்டிகள் தை, மாசியில் விழும். அப்போது பெருமழை ஓய்ந்திருக்கும்; வயல் அறுத்த வெளியும் இருக்கும். கார்த்திகை, மார்கழியிற் குட்டி விழுந்தால் அடுத்த தீபாவளிக்கு வயது கூடுதலாக இருக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஈரத்திலும் குளிரிலும் குட்டி சாவதைக் கண்டவன் நான். உயரமான பரணிட்ட கொட்டில் இல்லாதோருக்கு அதனைச் சொல்லமாட்டேன்.

விலைக்குறைவு யார் தலையில் விழுகிறது

பத்து மறி உள்ள ஒரு பட்டியின் ஓராண்டுக் கணக்கைப் பார்ப்போம். பத்துக் குட்டி பிறந்து, இரண்டு இறந்து, எட்டு வளர்கின்றன. இரண்டு பெட்டைக்குட்டிகளைப் பட்டியிற் சேர்த்து, அவற்றுக்கு ஈடாக இரண்டு கிழட்டு மறிகளை விற்கிறோம். மிகுதி ஆறு விற்பனைக்கு. ஒவ்வொன்றும் 21,000 ரூபாப்படி 1,26,000. கிழட்டு மறிகள் 15,000 ரூபாப்படி 30,000. எரு விற்றது 20,000. மொத்தம் 1,76,000 ரூபா. தவிடு, புண்ணாக்கு, மருந்து, கொட்டில் திருத்தம் ஆகிய கைச்செலவு 40,000 ரூபா போக, 1,36,000 ரூபா மிஞ்சும்.

நாளொன்றுக்கு நாலு மணி நேரம் ஒருவர் மேய்க்கிறார். 365 நாளுக்கு 1,460 மணி. மிஞ்சிய பணத்தை இதற்குப் பிரித்தால் மணிக்கு 93 ரூபா. நாளுக்கு 372 ரூபா. அதே ஆறு ஆட்டையும் கண்மதிப்பால் 15,000 ரூபாவுக்கும், கிழட்டு மறிகளை 11,000 ரூபாவுக்கும் விற்றால் மொத்தம் 1,32,000. செலவு போக 92,000. மணிக்கு 63 ரூபா, நாளுக்கு 252 ரூபா.

இரண்டு கணக்கிலும் புண்ணாக்குக்காரர் தம் விலையைக் குறைக்கவில்லை, மருந்துக்கடையும் குறைக்கவில்லை. குறைந்த 44,000 ரூபா முழுவதும் வெயிலில் நின்று மேய்த்தவரின் கூலியிலிருந்தே போயிற்று. அவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள தாயாக அல்லது பள்ளி விட்டு வந்த பிள்ளையாக இருப்பதால், அவருக்குக் கூலி என்று ஒன்று இருப்பதையே நாம் எழுதி வைப்பதில்லை. இக்கணக்கைப் பார்த்து, "93 ரூபாவும் ஒரு கூலியா?" என்று மனம் சோர்வோர் இருக்கலாம். அது குறைவுதான், நான் மறைக்கவில்லை. தோட்டத்துக்கு எருவும், அவசரத்துக்குக் கைப்பணமும் வேண்டும் என்பவருக்கே சிறு பட்டி பொருந்தும். அதனை நம்பி வேறு தொழிலை விடுவோருக்கு ஐம்பது மறியாவது வேண்டும். அவ்வளவுக்கு மேய்ச்சல் நிலமும் வேண்டும்.

விலை பேசும்போது

வியாபாரி வருமுன் ஒவ்வோர் ஆட்டுக்கும் நிறை, பல், கேட்கும் விலை, இறங்கும் விலை ஆகிய நான்கையும் கொப்பியில் எழுதி வைத்திருங்கள். கொப்பியை அவருக்குக் காட்டவேண்டியதில்லை. அது உங்கள் கையில் இருப்பதை அவர் கண்டாற் போதும்.

பட்டியாக ஒரு விலை பேசுவோர் இரு வகையினர். ஒருவர் நல்லதும் கெட்டதுமாக எல்லாவற்றையும் ஏற்றிச் செல்வார். அவருக்குச் சிறிது குறைத்துக் கொடுப்பதில் நட்டமில்லை. மற்றவர் பட்டி விலை பேசி முடித்தபின், "இந்த மூண்டும் இப்ப வேண்டாம் தம்பி, பிறகு பாப்பம்" என்று மெலிந்தவற்றை விலக்குவார். தெரிந்தெடுப்பவருக்குப் பட்டி விலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இதனைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுக.

பங்கு போட்டு நேரே விற்றால் வியாபாரியின் இலாபமும் நமக்கே சேரும் என்பது உண்மை. ஆனால் கண்ட இடத்தில் வெட்ட முடியாது. பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்பே விசாரித்து, அனுமதித்த இடத்திலேயே அதனைச் செய்ய வேண்டும். லொறியில் வெளி மாவட்டத்துக்கு அனுப்புவோர், எந்தப் பத்திரம் தேவை என்பதைக் கால்நடை வைத்தியர் கந்தோரிலும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிந்த பின்பே ஆட்டை ஏற்றுக.

மீதிப் பணத்தை அடுத்த கிழமை தருவதாகச் சொல்பவரிடம், மீதிக்கு ஈடாக ஓர் ஆட்டை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். பணம் வந்தபின் அது போகட்டும். அதற்கும் அவர் உடன்படாராயின், அன்றைய ஆடுகளை மேயவிட நேரமாயிற்று என்று சொல்லிப் படலையைத் திறந்துவிடுக.